நகலெடுக்க யாருக்கு அனுமதி?

ரவிவர்மா ஐரோப்பியப் பாணியை நகலெடுத்தவர் என்று சுலபமாக ஒதுக்கிவிடுகிறோம். நகலெடுக்கவே அவர் பட்ட பாட்டை யார் பேசுகிறார்கள்? லூவரில் 1793 முதலே ஓவியர்கள் பழைய படங்களின் முன் உட்கார்ந்து பிரதி எடுக்கலாம். இங்கே திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்த ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்தார். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் வந்து தொழில் நுணுக்கம் சொன்னதாக வரலாறு. பிள்ளைக்குக் கிடைத்தது அந்த ஒற்றை வரிதான், அதுவும் ரவிவர்மாவின் கதைக்குள்ளே.

ராயபுரத்துக்காரனான எனக்கு இது உறைக்கிறது. சினிமா ஸ்டில்லில் கட்டம் போட்டு, முகத்தை இருபதடி ஆக்கித்தான் பேனர் ஓவியர்கள் கை பழகினார்கள். அவர்கள் செய்தால் 'காப்பி'. அரச குடும்பத்துச் சம்பந்தி செய்தால் பயிற்சியா? ஃப்ளெக்ஸ் வந்ததும் அவர்கள் பிழைப்பு போச்சு. கட்டம் போட்ட ஸ்டில்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின.