காலடி இல்லாத தாளக் கணக்கு

மேற்கு ஆப்பிரிக்க மேளத்தையும் ஆட்டத்தையும் ஆராய்வோர் இப்போது ஒரே துறைக்குள் நிற்பதில்லை. இசையியல், மானிடவியல், உளவியல், கணினி அளவீடு எல்லாம் ஒரே கட்டுரைக்குள் வந்து சேர்கின்றன. பல்துறை ஆய்வு என்ற பெயரே அதன் தகுதிக்குச் சான்றாகிவிட்டது. இதனால் பலன் இல்லாமல் இல்லை. வடகானாவின் டக்பாம்பா மேளக்காரர்களிடம் பயின்று ஜான் செர்னாஃப் 1979இல் வெளியிட்ட நூல், தாளத்தைச் சமூக ஒழுக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வைத்தது. மாலியின் ஜெம்பே வாசிப்பை அளந்த ரெய்னர் போலக், அடிகளின் இடைவெளி சமமாக இல்லாதபோதும் குழு பிசகாமல் ஒத்து வாசிப்பதைக் காட்டினார். இரண்டும் பெரிய பணிகளே. ஆனால் துறைகள் சேர்ந்த அளவுக்கு மேளமும் ஆட்டமும் ஆய்வில் சேரவில்லை என்பதே என் நெடுநாள் மறுப்பு.

இந்தக் குறை பழையது. 1959இல் ஆப்பிரிக்க இசை பற்றிய பெருநூலை வெளியிட்ட ஏ. எம். ஜோன்ஸ், கானாவின் எவே இன மேளக்காரர் டெஸ்மண்ட் டேயை லண்டனில் தட்டச் சொல்லி, நகரும் தாளில் அடிகளைப் பதியும் மின்கருவியால் தாளங்களை எழுதியெடுத்தார். கருவி கைகளைப் பதிந்தது. கால்களைப் பதிய அதில் வழியே இல்லை. விளைவாக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிக் கோடுகள்; ஒன்றின் தொடக்கம் மற்றதன் தொடக்கத்தோடு பொருந்தவில்லை. ஆப்பிரிக்கத் தாளம் வெளியாருக்குப் பிடிபடாத சிக்கல் என்ற கருத்து இதனால் வலுப்பட்டது. எவே மக்களின் மணித் தாளத்தில் 12 நுண்கூறுகளுக்குள் 7 அடிகள் விழுகின்றன. தாளில் மட்டும் பார்த்தால் அந்த ஏழு அடிகளை எங்கிருந்தும் எண்ணத் தொடங்கலாம். ஆடுவோரின் கால்களோ அதே 12 கூறுகளுக்குள் நான்கு முறை சமமாக ஊன்றுகின்றன. அந்த நான்கையும் எழுதிவிட்டால் மணியும் சுரைக்குடுவைக் கிலுகிலுப்பையும் சிறு மேளங்களும் அவற்றைச் சுற்றித் தம் இடத்தில் அமர்கின்றன. எவே சமூகத்தவரான கோஃபி அகாவு இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். அவருடைய நூலை மேற்கோள் காட்டும் கட்டுரைகளிலும் கால்களுக்கு ஒரு வரி ஒதுக்கப்படுவது அரிது. தலைமை மேளமான அட்சிமெவு ஆட்டத்தின் அடுத்த அடவைக் கூப்பிடுகிறது. அந்த அடவை விட்டுவிட்டு மேளத்தின் சொற்கட்டை மட்டும் அலசுவது, கேள்வியை எழுதி வைத்துப் பதிலை எறிந்துவிடுவதாகும்.

ஆட்டமே இல்லாத மேளமும் உண்டு என்பார்கள். உண்மைதான், அகான் மக்களின் அடும்பன் மேளம் அரசனின் புகழைச் சொல்லும்போது யாரும் ஆட வேண்டியதில்லை. ஆனால் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கும் அக்பெக்கோர், அக்பாட்ஜா, காஹு எல்லாம் ஆட்டத்தின் பெயர்கள். அசைவை எழுதுவது கடினம் என்ற சாக்கும் நிற்காது: லாபனின் நடனக் குறியீடு 1928இலேயே வெளிவந்துவிட்டது, நிகழ்படம் எல்லோர் கையிலும் இருக்கிறது. கஷ்டம் வேறிடத்தில் உள்ளது. ஆடுவோரைத் தாளம் அறிந்தவராக ஏற்கப் பல்கலைக்கழகம் இன்னும் தயாராக இல்லை. மேளக்காரர் தகவலாளியாகவாவது நூலில் பெயர் பெறுகிறார், ஆடியவர் படத்தின் கீழ்க்குறிப்போடு நின்றுவிடுகிறார். இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: காலடியை எழுதாத தாளப் பதிவு, எத்தனை துறைகள் கூடி எழுதியதானாலும், அரைகுறைப் பதிவுதான். இது புதிய கோரிக்கையும் அல்ல: இசையியலாளர் க்வாபெனா ந்கேட்டியாவும் நடன அமைப்பாளர் மாவெரே ஓபோக்குவும் 1962இல் லெகோனில் கானா நடனக் குழுவைத் தொடங்கியபோது, மேளக்காரரும் ஆடுவோரும் அந்த ஒரே குழுவில்தான் இருந்தார்கள்.