நகத்தைப் பார்த்தது போதும்

கிருஷ்ணாபுரம் பற்றிய குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்தான். நகம் தெரிகிறது, நரம்பு தெரிகிறது, விலா எலும்பு தெரிகிறது. சரி, தெரியட்டும். இது சிற்பியின் கைத்திறனுக்கு மார்க் போடுவது. சிற்பத்தைப் பார்ப்பது வேறு வேலை.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கிறது இந்த வேங்கடாசலபதி கோயில். 16ஆம் நூற்றாண்டு, மதுரை நாயக்கர்களின் காலம். கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், மன்மதன், ரதி எல்லோரும் தூணோடு ஒரே கல்லில் நிற்கிறார்கள். அந்த வரிசையிலேயே இளவரசியைத் தோளில் தூக்கிப் போகும் குறவனும் இருக்கிறான், குறத்தியும் இருக்கிறாள். ராஜாக்களுக்கும் தேவர்களுக்கும் நடுவே மலையில் உழைத்துப் பிழைக்கிற இரண்டு பேர்.

நாயக்கர் சிற்பம் என்றாலே ‘பரோக்’ என்ற ஐரோப்பியச் சொல்லைக் கடன் வாங்குவது ரொம்ப நாள் பழக்கம். அலங்காரம் நெருக்கியடிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல அது வசதி, அவ்வளவுதான். நிஜமாகவே ஒப்பிட வேண்டுமென்றால் நான் ழாக் கலோவிடம் போவேன். பிரான்ஸின் கிழக்கே லொரேனைச் சேர்ந்தவர், 1592இல் பிறந்து 1635இல் இறந்தவர். செப்புத் தகட்டில் பூசிய வார்னிஷைக் கீறி, கீறிய இடத்தை அமிலத்தில் அரிக்கவிட்டு, அதில் மையேற்றி அச்சிடுகிற வேலை. கலோ ஊசியின் முனையைச் சாய்வாகத் தீட்டிக்கொண்டார். விரலில் சற்று உருட்டினால் போதும், ஒரே கோடு மெல்லியதாகத் தொடங்கி, தடித்து, மறுபடி மெலியும். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நிழல் காட்டாமலே உடம்புக்குத் திரட்சி வந்துவிடும். 1620களின் தொடக்கத்தில் அவர் பிச்சைக்காரர்களை இப்படி 25 சின்னத் தாள்களில் வரைந்தார். பின்னணி கிட்டத்தட்ட வெறும் வெள்ளை. கந்தல் தொங்குகிற இடத்தில் கோடு தடிக்கிறது. அதே காலத்தில் பிரபுக்களையும் அதே ஊசியால்தான் வரைந்தார். என் கண்ணுக்கு, பட்டைவிடக் கந்தலில்தான் அந்தக் கோட்டுக்கு உயிர் அதிகம்.

கிருஷ்ணாபுரத்துச் சிற்பியும் ஆளுக்கொரு உளி வைத்திருக்கவில்லை. கர்ணனுக்குக் காட்டிய அக்கறையைக் குறவனுக்கும் காட்டியிருக்கிறார். மரியாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே நகையலங்காரம் உழைப்பை மூடியும் விடுகிறது. குறவன் இங்கே கிழங்கு தோண்டவில்லை, தேன் எடுக்கவில்லை, கூடை முடையவில்லை. அவன் தூக்கிப் போவது ராஜாவின் மகளை. அரண்மனை அவனை இப்படித்தான் நினைத்துப் பார்க்க விரும்பியது: கொஞ்சம் பயம், கொஞ்சம் ஆசை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, இதே சீமையில் திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தியைக் குற்றாலக் குறவஞ்சியின் நடுவில் கொண்டுவந்தபோதும் அவள் கையில் குறி சொல்கிற தொழிலாவது இருந்தது. கல்லில் நிற்கிறவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் உழைப்பு எங்கேதான் இருக்கிறது? வெளிவிளிம்பில் இருக்கிறது என்பேன். மேல்பரப்பை நகை எடுத்துக்கொண்டது. உடம்பின் ஓரக்கோட்டை அதனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரைப் பாருங்கள். பாரம் ஒரு தோளில் ஏறினால் இடுப்பு மறுபக்கம் ஒதுங்கும், ஒரு கால் கனத்துப்போகும். இது பழக்கத்தில் வருவது, பாரம் தூக்கிய உடம்புக்குத்தான் தெரியும். வில்லோ வாளோ பிடித்து நிற்கிற வீரனுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், அவன் நிமிர்ந்து நின்றால் போதும். குறவனைச் செதுக்கியவருக்கு அது தெரிந்திருக்கிறது. கல் சுமந்தவர்கள் பக்கத்திலேயேதானே வேலை செய்திருப்பார்கள்?

இன்னொன்று. கூரையின் பாரம் பின்னாலிருக்கும் தூணுக்கு. முன்னால் நிற்பவன் சுமப்பது கதையின் பாரத்தை மட்டும். ஆனாலும் அந்த மண்டபத்தில் பாரம் தூக்குகிறவன் மாதிரித் தெரிகிறவன் அவன்தான்.

போனில் நேருக்கு நேர் எடுத்த படங்களில் இது பிடிபடாது, எல்லாம் நகையாகத்தான் தெரியும். பக்கவாட்டில் தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கி, தோளிலிருந்து இடுப்பு வழியாகக் கணுக்கால்வரை அந்த ஒரு கோட்டை மட்டும் தொடர்ந்து பாருங்கள். விலா எலும்பை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.