கிரெய்க் சாரின் நீலக் குறிப்பேடுகள்: சோசெகி லண்டனில் ஆங்கிலம் படித்த கதை

ரெண்டு வாரமா இரவு வேலை முடிஞ்சதும் நட்சுமே சோசெகியின் லண்டன் எழுத்துகளைத்தான் வாசிச்சிட்டிருக்கேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் வாசிப்பு. ஒரு ஜப்பானியர் ஆங்கிலத்தோடு பட்ட பாட்டை ஒரு தமிழன் ஆங்கிலத்தில் வாசிக்கிறான் என்பதே கொஞ்சம் வேடிக்கைதான். மூலத்தில் படிக்க முடிந்தவர்களுக்கு ஒரு தகவல்: சோசெகி இறந்தது 1916-ல். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அஓசோரா புங்கோ என்ற இணைய நூலகத்தில் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கின்றன.

சோசெகியைப் பற்றி யார் எழுதினாலும் லண்டன் என்றதும் ஒரே பாட்டுதான்: தனிமை, வறுமை, மனச்சோர்வு, பைத்தியம் பிடித்துவிட்டதாக ஊருக்குப் போன செய்தி. இதில் பொய் எதுவும் இல்லை. 1907-ல் வெளிவந்த 'இலக்கியக் கோட்பாடு' நூலின் முன்னுரையில் அவரே அந்த இரண்டு வருடங்களைத் தன் வாழ்க்கையின் மிக மோசமான காலம் என்கிற அளவுக்குக் கசப்பாக எழுதியிருக்கிறார். ஆனால் முன்னுரையை மட்டும் பிடிச்சுக்கிட்டா, அவர் அன்றாடம் என்ன செய்தார், எப்படிப் படித்தார், யாரிடம் படித்தார் என்பதெல்லாம் விட்டுப்போகிறது. அதைச் சொல்வது வேறு இரண்டு சின்ன எழுத்துகள். ஒன்று 1901-ல் எழுதிய 'லண்டன் கடிதம்'. இன்னொன்று 1909-ல் அசாஹி நாளிதழில் தொடராக வந்த சிறு கட்டுரைகளில் ஒன்றான 'கிரெய்க் சார்'. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எட்டு வருட இடைவெளிதான் என் விஷயம்.

முதலில் கொஞ்சம் பின்னணி.

சோசெகி கப்பல் ஏறியபோது சின்னப் பையன் இல்லை. வயது 33. குமமோத்தோவில் ஐந்தாம் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை, மனைவி வயிற்றில் இன்னொன்று. கல்வி அமைச்சகம் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது ஆங்கில மொழியைப் படிப்பதற்கு, இலக்கியத்துக்கு என்று உத்தரவில் இல்லை. அது அவருக்கு உறுத்தியது. அமைச்சகத்துக்கே போய் விளக்கம் கேட்டிருக்கிறார். உதவித்தொகை வருஷத்துக்கு 1800 யென். வீட்டுக்கு வருஷத்துக்கு 300 யென். 1900 செப்டம்பர் 8 அன்று யோகோஹாமாவில் ஏறி, அக்டோபர் 28 அன்று லண்டன் சேர்ந்தார். வழியில் கொழும்பில் இறங்கி, ஒரு ஓட்டலில் அந்த ஊரின் பிரபலமான சோறும் கறியும் சாப்பிட்டதை நாட்குறிப்பில் எழுதி வச்சிருக்கார். நம்ம பக்கத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

கேம்பிரிட்ஜ் போய்ப் பார்த்தார். அங்கே படிக்கும் பையன்கள் செலவழிக்கிற காசு தன் கையில் இல்லை என்று திரும்பிவிட்டார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் கெர் நடத்திய வகுப்புக்குக் கொஞ்ச நாள் போனார், அதையும் விட்டார். இரண்டு வருடத்தில் ஐந்து விடுதி வீடுகள் மாறினார். மிச்சம் பிடித்த காசெல்லாம் புத்தகத்துக்குப் போச்சு.

இனி 'லண்டன் கடிதம்'. இது எழுதப்பட்டது மசாஒகா ஷிகிக்கு. ஷிகி பெரிய ஹைக்கு கவிஞர், சோசெகியின் கல்லூரித் தோழர், அப்போது முதுகெலும்புக் காசநோயில் படுத்த படுக்கை. எழுந்து நடக்க முடியாத நண்பனைச் சிரிக்க வைக்க எழுதிய கடிதம் அது. இதை மனசில் வச்சுக்கிட்டுதான் வாசிக்கணும். காலையில் என்ன சாப்பிட்டேன், எந்தப் பத்திரிகை படித்தேன், தெருவில் என்ன நடந்தது என்று ஒரு நாளை அப்படியே விரித்து வைக்கிறார். ஒரு இடம் ரொம்பப் பிரபலம். எதிரே ஒரு குள்ளமான, விநோத நிறத்து ஆள் வருகிறான் என்று பார்த்தால், அது கண்ணாடியில் தெரிந்த தானே.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் இடங்கள் இரண்டு. விடுதி வீட்டு அம்மா இவரிடம் 'டன்னல்' என்ற வார்த்தை தெரியுமா, 'ஸ்ட்ரா' என்றால் என்ன தெரியுமா என்று கேட்கிறாள். ஷேக்ஸ்பியர் வாசிக்கிற மனுஷனிடம்! இவருக்கு எரிச்சல், ஆனால் காட்டிக்கொள்வதில்லை. அதே வீட்டில் பென் என்று ஒரு வேலைக்காரப் பெண். அவள் பேசுவது சுத்த லண்டன் கொச்சை, காக்னி. அருவி மாதிரிக் கொட்டுகிறாள், இவருக்கு முக்கால்வாசி பிடிபடவில்லை. 'மன்னிக்கணும்' என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பெக் யுவர் பார்டன்' அவள் வாயில் 'பெட்ஜ் பார்டன்' என்று வரும். அதையே அவளுக்குப் பட்டப்பெயராக வைத்துவிடுகிறார்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். விமர்சகர்கள் இந்த இடத்தை நகைச்சுவை என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். நகைச்சுவைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. ஒரு பக்கம், தன் ஆங்கிலத்தை ஒருத்தி குறைவாக எடை போட்டதில் காயம் படுகிறார். இன்னொரு பக்கம், அதே வீட்டில் அவரைவிடக் கீழ்நிலையில் இருக்கிற ஒரே ஆளை அவளுடைய உச்சரிப்பை வச்சுக் கேலி செய்கிறார். அவளுக்குத்தான் அது தாய்மொழி! பாடப்புத்தக ஆங்கிலம் தெரிந்த வெளிநாட்டுக்காரர், ஆங்கிலக்காரியின் ஆங்கிலத்தைத் தப்பு என்கிறார். மொழி கற்பவனின் அன்றாடத்தில் இந்தத் தற்காப்பு ரொம்பச் சாதாரணம். நமக்கு மேலே இருப்பவர் கொடுத்த அடியை கீழே இருப்பவருக்குக் கடத்திவிடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, பெருமையான தகுதி இல்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பி.இ. முதல் வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை. வேலைக்கு வந்து ஐந்தாறு வருஷத்தில் கான்ஃபரன்ஸ் காலில் சமாளிக்கிற அளவு தேறிவிட்டேன். அப்போ எங்க டீமுக்கு ஒரு பையன் வந்தான், என்னை மாதிரியே தமிழ் மீடியம். ஒரு வார்த்தையை அவன் சொல்ற விதத்தை வச்சு நாங்க அவனுக்கு ஒரு பேர் வச்சோம். பேரை ஆரம்பிச்சு வச்சது நான்தான். அவன் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான். கொஞ்ச நாளில் மீட்டிங்கில் பேசுவதை நிறுத்திட்டான். பென்னின் பட்டப்பெயரை வாசித்த அன்னைக்கு எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, கிரெய்க் சாருக்கு வருவோம்.

கல்லூரி வேண்டாம் என்று முடிவானதும் சோசெகி தனி ஆசிரியர் தேடினார். கிடைத்தவர் வில்லியம் ஜேம்ஸ் கிரெய்க், ஐரிஷ்காரர், ஷேக்ஸ்பியர் அறிஞர். ஆர்டன் வரிசையில் 1901-ல் வந்த 'கிங் லியர்' பதிப்பாசிரியர் இவர்தான். வேல்ஸில் இருந்த பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து படிப்பதற்காக லண்டன் வந்தவர். பேக்கர் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில் வாசம். ஏறத்தாழ ஒரு வருஷம், வாரம் ஒருமுறை சோசெகி அந்தப் படிகளில் ஏறி இறங்கினார்.

1909 கட்டுரையில் கிரெய்க் ஒரு கோமாளி மாதிரிதான் அறிமுகம் ஆகிறார். அவருடைய ஐரிஷ் உச்சரிப்பு புரியாது. அவசரமாகப் பேசினால் சுத்தமாகப் புரியாது. சட்சுமாக்காரரும் தோக்கியோக்காரரும் சண்டை போட்டுக்கொள்வது போல என்கிறார் சோசெகி. நம்ம ஊரில் சொன்னால் நாகர்கோவில்காரரும் வடசென்னைக்காரரும் என்று வச்சுக்கலாம். கேட்பதைக் கைவிட்டு முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாராம். பாடம் என்று திட்டமாக ஒன்றும் கிடையாது. தன் புத்தகத்தையே எங்கே வைத்தோம் என்று தெரியாமல், என் வேர்ட்ஸ்வொர்த்தை எங்கே வைத்தாய் என்று ஜேன் என்ற அம்மாவிடம் சத்தம் போடுவார். அவள் உடனே எடுத்துக் கொடுப்பாள். மாதக் கடைசியில் கொடுக்கவேண்டிய கட்டணத்தை நடுவிலேயே கேட்டு வாங்கி, அப்படியே கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சில்லறை திரும்ப வராது.

இந்தக் காசு விஷயத்தைக் கவனிக்கணும். 1901 நாட்குறிப்பில் இதே மனிதரைப் பற்றி வேறு தொனி இருக்கிறது. தன் கட்டுரையைத் திருத்தித் தரக் கேட்டபோது கிரெய்க் தனிக் கட்டணம் கேட்டார் என்று கோபப்பட்டு, அற்பமான ஆள் என்கிற மாதிரி எழுதுகிறார். உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாணவனின் கோபம் அது, நியாயமானதுதான். 1909-ல் அந்தக் கோபம் இல்லை. ஆனால் 'கஞ்சன்' என்ற படிமம் போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அந்த நகர்வில்தான் கட்டுரையின் உயிர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கிரெய்க் ஒரு ஷேக்ஸ்பியர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலத்தில் நீல அட்டை போட்ட பெரிய குறிப்பேடுகள், சுமார் பத்து. துண்டுச் சீட்டுகளில் எடுத்த குறிப்புகளை நேரம் கிடைக்கும்போதெல்லாம் அவற்றில் ஏற்றுவார். கஞ்சன் ஓட்டைக் காசு சேர்ப்பது போல என்று சோசெகி உவமை சொல்வது இங்கேதான். ஏற்கெனவே ஷ்மிட் என்ற ஜெர்மானியர் 1870-களில் செய்த பெரிய ஷேக்ஸ்பியர் அகராதி இருக்கிறதே என்று மாணவன் கேட்க, கிரெய்க் தன்னிடமிருந்த ஷ்மிட்டை எடுத்துக் காட்டுகிறார். பக்கமெல்லாம் திருத்தமும் சேர்க்கையுமாகக் கறுத்துக் கிடக்கிறது. ஷ்மிட் செய்ததையே திரும்பச் செய்வதானால் நான் ஏன் இவ்வளவு பாடுபடப் போகிறேன் என்பது அவர் பதில்.

கட்டுரையின் முடிவு ரொம்ப அமைதியானது. ஜப்பான் திரும்பிக் கொஞ்ச காலத்தில் ஒரு இலக்கியப் பத்திரிகையில் கிரெய்க் இறந்த செய்தியைப் பார்க்கிறார். இரண்டு மூன்று வரி. கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார்: அந்த அகராதி முடியாமலே கழிவுக் காகிதமாகிப் போயிற்றோ?

ஏன் இந்தக் கேள்வி அவரைத் தொட்டது? ஆசிரியர் மேல் அன்பு என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி சோசெகியின் சொந்த அறையில் இருக்கிறது. கிரெய்க்கிடம் போவதை நிறுத்திய பிறகு, கிளாப்பம் பக்கத்து விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இவரும் அதே வேலையைத்தான் செய்தார். இலக்கியம் என்றால் என்ன என்பதை உளவியலும் சமூகவியலும் கொண்டு அடியிலிருந்து விளக்கும் ஒரு பத்து வருஷத் திட்டம். இந்த எண்ணத்துக்குத் தூண்டுதல் 1901-ல் சில வாரம், இவர் முன்பு இருந்த விடுதியில் இவரோடு தங்கிய வேதியியலாளர் இகேதா கிகுனாயே. 1908-ல் உமாமி சுவையைக் கண்டுபிடித்த அதே இகேதா. ஆங்கிலம் படிக்க வந்தவருக்கு லண்டனில் அமைந்த மிகச் சிறந்த உரையாடல் ஜப்பானிய மொழியில் நடந்தது என்பது இன்னொரு வேடிக்கை. ஈ தலை அளவு பொடி எழுத்தில், அரை அடி உயரத்துக்குக் குறிப்புகள் சேர்ந்தன. திரும்பி வந்து, தோக்கியோ பல்கலைக்கழகத்தில் லாஃப்காடியோ ஹெர்ன் இருந்த இடத்தில் விரிவுரையாளராகி, அந்தக் குறிப்புகளை வச்சுத்தான் பாடம் நடத்தினார். 1907-ல் அது 'இலக்கியக் கோட்பாடு' என்று புத்தகமானது. ஆனால் திட்டமிட்ட பெரிய வேலை முடியவே இல்லை. 1914-ல் 'என் தனித்துவம்' என்ற உரையில் அந்த நூலைத் தோல்வி என்றே சொல்கிறார்.

அதனால் 1909-ல் கிரெய்க்கின் நீலக் குறிப்பேடுகளைப் பற்றிக் கேட்கும்போது அவர் தன் பொடி எழுத்துக் குறிப்புகளைப் பற்றியும்தான் கேட்கிறார். எட்டு வருஷம் முன்னால் கண்ணாடியில் கண்ட விநோத ஆள் தானே என்று தெரிய ஒரு கணம்தான் ஆச்சு. உச்சி மாடி விநோதக் கிழவரும் தான்தான் என்று புரிய எட்டு வருஷம் ஆச்சு. 'லண்டன் கடித'த்தில் இருந்த கேலி இதிலும் இருக்கிறது. ஆனால் கடைசியில் அது கேலி செய்தவரிடமே திரும்பி வருகிறது. அதனால்தான் இதை நான் மேலான எழுத்து என்பேன்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஜேன் கடைசி வரை திகைத்த முகத்தோடு புத்தகம் எடுத்துத் தரும் பெண்ணாகவே நின்றுவிடுகிறாள். பென்னும் அப்படித்தான். கிரெய்க்குக்குக் கிடைத்த மறுபார்வை இந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. புத்தகம் சேர்த்தவனுக்குப் புத்தகம் சேர்த்தவன்மேல் இரக்கம் வந்தது. அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிந்திருந்தவளுக்கு இரக்கம் போகவில்லை.

அமைச்சகம் கேட்டது ஆங்கிலம். உச்சரிப்பும் பேச்சும் இரண்டு வருஷத்தில் கைவராது என்று சோசெகி சீக்கிரமே கண்டுகொண்டார். அவர் கற்றது, ஒரு மொழியின் ஒரே ஒரு மூலையைச் சாகும்வரை தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்பதை. இந்த மாதிரி ஆராய்ச்சிக் குறிப்புகளை ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு அந்தக் கடைசிக் கேள்வி கொஞ்சம் அதிகமாகவே சுடுகிறது. என் ஹார்ட் டிஸ்கிலும் முடியாத ஃபோல்டர்கள் பத்துக்கு மேல் இருக்கு.

அந்த டீம் பையனை லிங்க்டின்னில் தேடிப் பார்த்தேன். நல்ல இடத்தில் இருக்கான். இன்னும் எழுதவில்லை. எழுதணும், அதுவும் தமிழில்.