ஷலாமொவின் ‘சிலுவை’

முற்போக்கு இலக்கியத்திலே வருகின்ற மதகுருமார் பெரும்பாலும் இரண்டு வார்ப்புக்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். ஒருவர் சுரண்டுவோரின் கையாள். மற்றவர் கதை முடிவதற்குள் மக்கள் பக்கம் வந்து சேர்ந்துவிடும் நல்லவர். இவ்விரண்டிலும் அடங்காத ஒரு குருவானவரை, வார்லாம் ஷலாமொவ் 1959ஆம் ஆண்டில் எழுதிய ‘சிலுவை’ என்னும் சிறுகதையிலே நாம் சந்திக்கின்றோம். மொஸ்கோவிலிருந்து தமிழில் வந்த நூல்கள் வழியாகச் சோவியத் வாழ்வை அறிந்த நம்மவர்க்கு இக்கதை அன்று கிட்டியிருக்க முடியாது. ‘கொலிமாக் கதைகள்’ என்ற பெருந்தொகுதியின் பகுதியான இது, 1980களின் இறுதிவரை அந்நாட்டு வாசகர்க்கே அச்சில் கிடைக்கவில்லை.

கதையில் நிகழ்வது மிகக் கொஞ்சம். கண்ணிழந்த முதிய குரு ஒருவர், தம் மகனின் தேய்ந்துபோன பெரிய சப்பாத்துக்களை அணிந்துகொண்டு, முற்றத்திலே போடப்பட்ட ஒடுங்கிய பலகை வழியே காலால் தடவித் தடவி நடக்கிறார். இரு கைகளிலும் ஆவி பறக்கும் தீவன வாளிகள். இருண்ட கொட்டிலில் மூன்று ஆடுகள்: மாஷ்கா, எல்லா, தோனியா. வீட்டிலே உணவில்லை. எஞ்சியிருக்கும் பொருள், கிறிஸ்துவின் உருவம் பொறித்த ஒரு பொற்சிலுவை. அவர் அதனைக் கேட்டு வாங்கிக் கோடரியால் வெட்டித் துண்டாக்குகிறார். தடுக்க முயலும் மனைவியிடம், கடவுள் இதிலா இருக்கிறார் என்ற பொருள்படக் கேட்கிறார். துண்டுகள் ‘டோர்க்சின்’ கடைக்குப் போகவுள்ளன.

இந்தக் கடையைப் பற்றிச் சிறிது அறியாவிடின் கதையின் கூர்மை புலப்படாது. வெளிநாட்டாருடன் வாணிபம் என்னும் பொருளுடைய ருஷ்யச் சொற்களின் சுருக்கமே டோர்க்சின். 1931ஆம் ஆண்டு முதல் சோவியத் குடிமக்களும் தம் பொன்னை அங்கே நிறுத்துக் கொடுத்து, மாவும் ரொட்டியும் வாங்க அனுமதிக்கப்பட்டனர். அவ்வாறு திரண்ட பொன் அந்நிய இயந்திரங்கள் வாங்கும் செலவுக்கு உதவிற்று. 1932–33ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தின்போது மோதிரமும் காதணியும் வரிசையாக அக்கடைகளுக்குள் சென்றன. பத்தாண்டுகளுக்கு முன்னர், 1922 பெப்ரவரியில், பஞ்ச நிவாரணத்தின் பெயரால் திருச்சபையின் விலைமிக்க பொருள்களை அரசு ஆணையிட்டுப் பறித்தது. இப்பொழுது ஆணைக்கே அவசியமில்லை. பசி அதே வேலையைச் செய்தது.

ஏன் இம்முதியவருக்கு மற்றவரைப்போல் ரொட்டி கிடைக்கவில்லை? 1918ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, அதன் 65ஆம் பிரிவிலே, துறவிகளையும் மதகுருமாரையும் வாக்குரிமையற்றோர் பட்டியலில் சேர்த்தது. முதலில் அது வாக்குச் சீட்டைப் பற்றிய விடயம் மட்டுமே. பின்னர் பங்கீட்டு முறை வந்தபொழுது, உரிமையிழந்தோருக்கு உணவு அட்டையும் இல்லை என்றாயிற்று. பிள்ளைகளுக்கு உயர்கல்வி வாயில்களும் அடைபட்டன. 1936இன் யாப்பு இப்பட்டியலை நீக்கியது. ஆனால் இக்கதைக்கு மூலமான மனிதர் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே இறந்துவிட்டார்.

அம்மனிதர் ஆசிரியரின் தந்தையே. வட ருஷ்யாவிலுள்ள வொலொக்டா நகரத்துக் குருவான திகோன் ஷலாமொவ், அலாஸ்காக் கரையோரத்துக் கொடியாக் தீவிலே பத்தாண்டுகளுக்கு மேலாகத் திருப்பணி செய்து திரும்பியவர். ஜார் ஆட்சியின் துதிபாடியாக அவர் இருந்ததில்லை. திருச்சபையைக் காலத்திற்கேற்பப் புதுப்பிக்க வேண்டும் என்ற அணியைச் சார்ந்தவர். அவருடைய மகன்களில் ஒருவன் செஞ்சேனையின் இரசாயனப் படைப்பிரிவிலே சாதாரணச் சிப்பாயாகப் போரிட்டு, உள்நாட்டுப் போரின் வடமுனையில் உயிரிழந்தான். அதையடுத்தே தந்தை பார்வையை இழந்தார். புரட்சிக்கு மகனைக் கொடுத்த ஒருவருக்குப் புரட்சியின் அரசு ரொட்டி கொடுக்க மறுத்தது என்பதை ஷலாமொவ் எங்கும் வாதமாக விரித்துரைப்பதில்லை. மகனின் சப்பாத்து என்று மட்டும் சொல்லி நடந்துவிடுகிறார். அதுவே போதுமானது.

வார்லாமுக்கும் அதே பட்டியல் காத்திருந்தது. 1926இல் மொஸ்கோப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயிலச் சேர்ந்த அவர், குருவின் மகன் என்பதை மறைத்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1928இல் நீக்கப்பட்டார். 1929 பெப்ரவரியில் அவர் முதன்முறை கைதானது தேவாலயத்திலன்று, இரகசிய அச்சுக்கூடத்திலே; ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரி மாணவர்களோடு சேர்ந்து, லெனினின் இறுதி மடலை அச்சிட்டுப் பரப்பியதே குற்றம். 1937இல் மறுபடியும் கைதாகிக் கொலிமாவுக்கு அனுப்பப்பட்டார்.

இவ்வரலாற்றை ஒதுக்கிவிட்டு இக்கதையைப் படிப்போர் இரு பக்கமும் வழுக்கி விழுகின்றனர். பக்தியாளர் சிலர் இதனை விசுவாசத்தின் வெற்றியாகக் கொண்டாடுகின்றனர்: பொருளை விட்டு மெய்ப்பொருளைப் பற்றினார் என்பது அவர் விளக்கம். நாத்திகர் சிலரோ, பசி வந்ததும் புனிதம் பறந்தது என மகிழ்கின்றனர். இரண்டும் மேலோட்டமான வாசிப்புக்களே. ஷலாமொவ் பாலப் பருவத்திலேயே தாம் விசுவாசத்தை இழந்ததாக எழுதியவர். ‘நான்காவது வொலொக்டா’ என்ற தன்வரலாற்றிலே தந்தையின் அதிகாரப் போக்கையும் புகழ் விருப்பையும் ஈவிரக்கமின்றி விமர்சித்தவர். பக்தியை வளர்க்கவோ தந்தைக்குச் சிலை எழுப்பவோ இக்கதையை அவர் எழுதவில்லை. கோடரியை ஓங்கும் கணத்திலே அவர் குருவின் உள்ளத்துக்குள் நுழைய மறுக்கிறார். கை, கோடரி, பொன் ஆகியவையே நமக்குக் காட்டப்படுகின்றன. நம்பிக்கை பிழைத்ததா மடிந்ததா என்ற வினாவை, ரொட்டியை அனுபவிக்க உரிமை யாருக்கு என்ற வினா பின்தள்ளி விடுகிறது.

மார்க்சியத்தை ஏற்றுக்கொண்ட நாம் இவ்விடத்திலே தயங்கி நிற்க வேண்டியதில்லை. மனிதனுக்கு மதம் தேவைப்படச் செய்யும் துயர நிலைமைகளை ஒழிக்க வேண்டும் என்பதே மார்க்ஸ் முன்வைத்த வாதம். குருட்டுக் கிழவர் ஒருவரின் உணவு அட்டையைப் பிடுங்குவதால் அந்நிலைமைகளில் எது ஒழிந்தது? ஒருவன் செய்ததைக் கொண்டல்லாமல் அவன் அணிந்த அங்கியையும் அவன் பிள்ளைகளின் பிறப்பையும் கொண்டு தீர்ப்பளிக்கும் முறை, வர்க்கப் பகுப்பாய்வு அல்ல. அது சாதிப் பதிவேட்டின் மறுபதிப்பு. சோவியத் நாட்டின் பகைவர்கள் இதனைத் தம் நலனுக்காகப் பயன்படுத்தினர் என்பது மெய்யே. அதனால் கதை பொய்யாகிவிடாது.

முட்கம்பியோ காவலரோ இல்லாத இக்கதையைச் சிறைமுகாம் கதைகளின் நடுவே ஆசிரியர் வைத்தது தற்செயலன்று என நாம் கருதுகிறோம். முகாமிலே மனிதன் எடைபோடப்படுகிறான். அந்தத் தராசு முகாமுக்கு வெளியே, வொலொக்டாவின் ஒரு வீட்டு முற்றத்திலே முதலில் தூக்கப்பட்டது. கதையில் குறையில்லையென்று சொல்ல மாட்டோம். குடும்பத்தின் கடந்தகாலம் கூறப்படும் நடுப்பகுதியில் நடை தளர்ந்து, தகவல் குறிப்புப்போல் ஆகிவிடுகிறது. ஆட்டுக் கொட்டிலில் அமைந்த இறுக்கம் அங்கு இல்லை.

திறனாய்வாளர் யாவரும் குருவையே நோக்குகின்றனர். அவருடைய மனைவியை அவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. தன் பசியை வெளிக்காட்டாதவள் அவள். கணவர் வெட்டினார், வெட்டப்பட்டதைக் கையிலெடுத்துப் போய் விற்க வேண்டியவள் அவள்தான். சிலுவை துண்டான காட்சியோடு கதையை முடித்திருந்தால் வீரக் கதையொன்று நமக்குக் கிடைத்திருக்கும். ஷலாமொவ் மறுநாட் காலை வரை செல்கிறார். விடியுமுன்பே அவள் உடுத்து ஆயத்தமாகிவிடுகிறாள். கடை திறப்பதோ பத்து மணிக்கு. இடையிலுள்ள அந்த மணித்தியாலங்களில் அவள் என்ன நினைத்தாள் என்பதற்குக் கதையில் ஒரு சொல்லும் இல்லை.