எலிசபெத்தின் ஜெர்மன் தோட்டம்: மண்வெட்டி யார் கையில்?

1898-ல் லண்டனில் ஆசிரியர் பெயரே போடாமல் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. பெயர் 'எலிசபெத் அண்ட் ஹெர் ஜெர்மன் கார்டன்'. அடுத்தடுத்துப் பல பதிப்புகள் கண்டது, இன்றும் அச்சில் இருக்கிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புல்வெளி முழுக்கப் பூத்த டான்டெலியன், லைலாக் வாசனை, கிண்டலும் கேலியுமாகப் பேசும் ஒரு சீமாட்டி என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். மூன்றும் புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனால் இரண்டாவது முறை படித்தபோது நான் பென்சிலால் கோடு போட்ட இடங்கள் எல்லாம் பூக்களை விட்டுத் தள்ளியே இருந்தன. அந்த இடங்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் யார் இவர் என்று சுருக்கமாக. மேரி ஆனெட் பீச்சம் 1866-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். எழுத்தாளர் காதரின் மான்ஸ்ஃபீல்டுக்குச் சொந்தம். 1891-ல் ஃபான் ஆர்னிம் என்ற பிரஷ்யப் பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டு பெர்லினில் குடியேறினார். பொமெரேனியாவில், அன்றைய ஸ்டெட்டின் நகருக்குப் பக்கத்தில், நாசென்ஹைட என்ற இடத்தில் கணவருக்குப் பெரிய பண்ணை இருந்தது. (இன்று அந்த இடம் போலந்தில் இருக்கிறது. ஸ்டெட்டின்தான் இப்போது ஷ்செச்சின்.) புத்தகம் அந்தப் பண்ணை வீட்டைப் பற்றியது. மே 7-ம் தேதி தொடங்கி அடுத்த ஏப்ரல் 18-ல் முடிகிற நாட்குறிப்பு வடிவம். சொல்கிற 'நான்' பாதி அவர், பாதி கற்பனை. அதனால் கீழே 'எலிசபெத்' என்று நான் எழுதும்போது புத்தகத்துக்குள் இருக்கும் பெண்ணைத்தான் சொல்கிறேன்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் எலிசபெத் நகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பண்ணை வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே போய் வாழலாம் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில் கிராமத்துப் பள்ளிக்கூட வேலையாக அங்கே போக நேர்கிறது. வேலை முடிந்ததும் சும்மா தோட்டத்தில் நடக்கிறார். வானம் சாம்பல், மண் பழுப்பு, ஒரு மரத்திலும் இலை கிடையாது. ஈர மண்ணோ அழுகின இலையோ, ஏதோ ஒரு வாசனை மூக்கில் ஏறுகிறது. சின்ன வயதில் தோட்டத்தில் கழிந்த நாட்கள் அப்படியே திரும்பி வந்துவிடுகின்றன. தன் உண்மையான வாழ்க்கை அன்றுதான் ஆரம்பித்தது என்று சொல்கிறார்.

வசந்தத்தைப் பற்றிய புத்தகம் என்று பெயர் வாங்கிய இதில், திருப்புமுனை நடக்கும் நாளில் ஒரு பூகூட இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வந்தது வாசனை மட்டும். அதுவும் அழுகல் வாசனை. தமிழில் இதை யாராவது மொழிபெயர்த்தால் 'வசந்த காலத் தொடக்கம்' என்று போட்டுவிடுவார்கள், வாசகனுக்கு மாந்தளிரும் குயிலும் நினைவுக்கு வந்துவிடும். நம் இளவேனில் சித்திரையும் வைகாசியும், அதாவது வெயில் ஏறும் காலம். பொமெரேனியாவின் மார்ச் மாதத்துக்குக் கிட்டத்தில் வரும் சொல் நம்மிடம் வேறு இருக்கிறது: பின்பனி. மாசியும் பங்குனியும் பின்பனிதான் என்று இலக்கணமும் சொல்கிறது. குளிர் அளவில் பொருந்தாது என்றாலும், பனி இன்னும் போகவில்லை, ஆனால் போகப்போகிறது என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து நடப்பது பலருக்கும் பிடித்த பகுதி. வீட்டுக்கு வெள்ளையடித்துச் சுவருக்குக் காகிதம் ஒட்டும் வேலையை மேற்பார்க்கிறேன் என்ற சாக்கில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆறு வாரம் எலிசபெத் தனியாக அங்கே இருக்கிறார். ரொட்டி, டீ, பச்சைக் காய்களால் ஆன சாலட், எப்போதாவது ஒரு சின்னப் புறா. இதுதான் சாப்பாடு. ராத்திரி பயத்துக்கு ஒரு பெரிய மணியைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். கணவர் ஒருநாள் திடீரென்று வந்து, ஏன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று கேட்கிறார். ரொம்ப சந்தோஷமாக இருந்ததால் எழுதவே தோன்றவில்லை என்கிறார் எலிசபெத். இந்தக் கணவருக்குப் புத்தகம் முழுக்கப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். தமிழில் 'உக்கிரமூர்த்தி' என்று சொன்னால் ஏறக்குறையச் சரியாக வரும். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை இன்னொரு தரம் படித்துப் பாருங்க. ஒரு மனைவி தன் கணவரிடம், நீங்கள் இல்லாததுதான் என் சந்தோஷம் என்று நேராகச் சொல்லிவிட்டு, அதைத் தோட்டத்தின் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்கிறார். எந்த விஷயத்தைச் சொல்லக்கூடாதோ அதை நகைச்சுவையாகச் சொல்வதுதான் இந்தப் புத்தகத்தின் வேலைமுறை.

தோட்ட வேலையில் எலிசபெத் கெட்டிக்காரர் கிடையாது. ஐப்போமியா என்ற கொடி பாலைவனத்தையும் சொர்க்கமாக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, அதன் விதை 10 பவுண்டு வாங்கிப் பதினொரு பாத்தியிலும் மரங்களைச் சுற்றியும் விதைக்கிறார். 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. அந்த விதையின் எடைக்குக் கணக்குப் போட்டால் லட்சத்தைத் தாண்டும். ஒன்றும் நடக்கவில்லை, சொர்க்கம் வரவில்லை. வெப்பநாட்டுக் கொடி அது. மேல்தோல் கெட்டியான விதை. ஊறவைக்காமல் குளிர்ந்த மண்ணில் போட்டால் பாதி முளைக்காது, முளைப்பதையும் மே மாத நடுவில்கூட விழக்கூடிய உறைபனி கருக்கிவிடும். நம்ம ஊர் ஏரிக்கரையில் யாரும் கேட்காமலே மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஒரு ஐப்போமியாதான், சர்க்கரைவள்ளியும் ஐப்போமியாதான். காசு கொடுத்து வாங்கிய அந்த அம்மா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

இந்த ஐப்போமியாவையே வைத்து இன்னொரு காட்சி வருகிறது. புத்தகத்தின் மையம் அதுதான் என்பது என் கட்சி. ஒரு ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, வேலைக்காரர்கள் சாப்பிடும் நேரம். தோட்டக்காரரும் வரமாட்டார். எலிசபெத் மண்வெட்டியும் வாருகோலும் எடுத்துக்கொண்டு திருட்டுத்தனமாக வெளியே போகிறார். (நம்ம மண்வெட்டி இல்லை, காலால் மிதித்துத் தோண்டும் ஸ்பேட். வேறு நல்ல சொல் கிடைக்காததால் மண்வெட்டி என்றே எழுதுகிறேன்.) அவசர அவசரமாக ஒரு துண்டு நிலத்தைக் கொத்திக் கொஞ்சம் ஐப்போமியா விதையைப் போட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். மானம் தப்பியது. யோசித்துப் பார்த்தால், வீடு அவருடையது, நிலம் அவர் குடும்பத்துடையது, விதை அவர் காசு. ஆனால் கையில் மண் பட்டால் பிரபுவின் மனைவிக்கு அது அவமானம். தான் ஆணாக இருந்தால் முதல் காரியமாக ஒரு மண்வெட்டி வாங்குவேன் என்கிறார் இன்னொரு இடத்தில். அப்போது இன்னொருத்தரிடம் விளக்கிச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியிருக்காதாம். செடிகளை நேர்க்கோட்டில் நட்டே தீருவேன் என்று நிற்கும் தோட்டக்காரரை நினைத்தால் அந்த ஏக்கம் புரியும்.

அந்தக் காட்சியை முடிக்கும்போது ஏதேன் தோட்டத்தை இழுக்கிறார். ஏவாள் கையில் ஒரு மண்வெட்டி இருந்து, அதை வைத்து என்ன செய்வதென்றும் தெரிந்திருந்தால், ஆப்பிள் விவகாரமே நடந்திருக்காதாம். முப்பது வருடம் கழித்து, 1929-ல், செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் தோட்டக்காரனின் ஒரு வருடத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதே ஏதேனுக்கு வருகிறார். உண்மையான தோட்டக்காரன் ஏதேனில் நுழைந்தால் பழத்தை மறந்துவிட்டு அங்கிருக்கும் மக்கு மண்ணை ஒரு தள்ளுவண்டி நிறையக் கடத்திக்கொண்டு போய்விடுவான் என்பது அவர் ஜோக். அவர் எலிசபெத்தைப் படித்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. சாப்பெக்குக்குப் பிராகில் சொந்தத் தோட்டம். குனிந்து குனிந்து முதுகு வலிப்பதை வைத்தே பல பக்கம் சிரிக்க வைக்கிறார். எலிசபெத்துக்கு முதுகு வலிக்கக்கூட அனுமதி இல்லை. ஆண் எழுதினால் உழைப்பு நகைச்சுவை ஆகிறது, பெண் எழுதினால் உழைப்பு கிடைக்காததுதான் நகைச்சுவை. கலைஞன் என்ற அளவில் சாப்பெக் பெரியவர், சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்த ஒரு இடத்தில் எலிசபெத்தின் ஏதேன் ஜோக்தான் எனக்குக் கனமாகத் தெரிகிறது.

இங்கேயே நின்றிருந்தால் இது வழக்கமான 'சிறைப்பட்ட சீமாட்டி' கதை ஆகியிருக்கும். ஆனால் தோட்டத்தின் வேலிக்கு அப்பால் வயல் இருக்கிறது. ரஷ்யாவிலிருந்தும் போலந்துப் பகுதிகளிலிருந்தும் பருவத்துக்குப் பருவம் கூலியாட்கள் வருகிறார்கள். ஆயுதம் வைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரி காவல் நிற்கிறார். ஆண்களுக்கு நாள் கூலி ஒன்றரை மார்க்கிலிருந்து இரண்டு மார்க். பெண்களுக்குக் குறைவு, குறைவாக வேலை செய்வதால் அல்ல, பெண்கள் என்பதால் என்று எலிசபெத்தே எழுதுகிறார். சாப்பாடு உருளைக்கிழங்கு, அதோடு குடிக்கத் தண்ணீர் கலந்த வினிகர். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்: இவர்கள் குழந்தைகள் மாதிரி, பிராணிகள் மாதிரி, நாளையைப் பற்றிய நினைப்பு கிடையாது, சாயங்காலம் பாடிக்கொண்டு திரும்புகிறார்கள், நாள் முழுக்க வெயிலில் உழைத்தவனுக்குக் குறை சொல்லத் தோன்றாது.

இந்த வாதம் எங்கிருந்து வருகிறது பாருங்க. ஏவாளுக்கு மண்வெட்டி கொடுங்கள், சந்தோஷமாக இருப்பாள் என்று சொன்ன அதே வாய்தான் இது. மண்ணில் உழைத்தால் மனசு நிறையும் என்பது எலிசபெத்தின் நம்பிக்கை. தனக்கு மறுக்கப்பட்ட ஒன்று என்பதால் அது அவருக்கு விடுதலையாகத் தெரிகிறது. அதையே மறுக்க வழியில்லாதவர்கள்மேல் வைத்துப் பார்த்தால், கூலியைக் கூட்டாமல் இருப்பதற்கான காரணம் ஆகிவிடுகிறது. தோட்ட எழுத்தில் இது ஒரு பழைய நோய். உழைப்பைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் அதன் இனிமையைப் பற்றி எழுதுவார்கள். அந்த இனிமை, தேர்ந்தெடுக்க முடியாதவர்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போது மொட்டைமாடித் தோட்டம் பற்றி வரும் எழுத்துகளிலும் இந்த வாடை அடிப்பதைப் பார்க்கிறேன்.

ஆனால் எலிசபெத் அங்கே நிற்கவில்லை. அதனால்தான் இந்தப் புத்தகத்தை என்னால் தூக்கிப் போட முடியவில்லை. அந்தச் சமாதானத்துக்கு ஒட்டிய அடுத்த வரியிலேயே, பெண்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று மட்டும் தன்னை இன்னும் நம்பவைக்க முடியவில்லை என்கிறார். வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் நடுவில் காணாமல் போய், பிள்ளை பெற்று, மத்தியானமே வேலைக்குத் திரும்பிவிட்டதைக் கேள்விப்பட்டுக் கொதிக்கிறார். உக்கிரமூர்த்தி குதிரைமேல் உட்கார்ந்தபடி நிதானமாகப் பிரசங்கம் செய்கிறார். பெண்கள், இயற்கை, புருஷன் அடிப்பதன் நன்மை என்று நீள்கிறது அது. எலிசபெத் எதிர்வாதம் செய்து பார்க்கிறார், ஜெயிக்கவில்லை. ஜெயித்த மாதிரி எழுதவும் இல்லை. வழக்கமாக அவருக்கு எப்போதும் கடைசியில் ஒரு சாமர்த்தியமான பதில் இருக்கும். இங்கே அது வேலை செய்யவில்லை.

தொகுப்புகளில் இந்தப் புத்தகத்திலிருந்து பகுதி எடுத்துப் போடுகிறவர்கள் டான்டெலியனை எடுப்பார்கள், மண்வெட்டிக் காட்சியை எடுப்பார்கள். வயல் பெண்ணை விட்டுவிடுவார்கள். தோட்டப் புத்தகத்தில் இது எதற்கு என்ற நினைப்பாக இருக்கலாம். என் கணக்கில், மண்வெட்டிக் காட்சி இல்லாமல் வயல் காட்சி புரியாது, வயல் காட்சி இல்லாமல் மண்வெட்டிக் காட்சி வெறும் விளையாட்டு. மண்ணைத் தொட்டால் மானம் போகிற பெண்ணும், மண்ணை விட்டுப் பிள்ளை பெறக்கூட அரைநாளுக்கு மேல் ஒதுங்க முடியாத பெண்ணும் ஒரே பண்ணையில் இருக்கிறார்கள். அந்தப் பண்ணை இருவரில் யாருக்கும் சொந்தமில்லை.

ஒரு சின்னச் செய்தி மிச்சம் இருக்கிறது. 1905-ல் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த இளைஞர் ஈ. எம். ஃபார்ஸ்டர். பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியர். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர், அங்கே தோட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் தன் கண்ணில் படவில்லை என்று வயதான காலத்தில் நினைவுகூர்ந்தார். புதரும் புல்தரையும் சுற்றிலும் வயலும்தான் அவருக்குத் தெரிந்ததாம். சிலர் இதை வைத்து எலிசபெத் புளுகியிருக்கிறார் என்று சிரிப்பதுண்டு. ஃபார்ஸ்டர் கவனித்தது சரியாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் பெரும்பகுதி வயல்தான்.