கண்ணும் வயிறும்: கிரேக்கத் தொன்மத்திலும் திக்லிபூர் வழக்கிலும் பொறாமை

முன்னுரை

பொறாமை மாந்தர்க்கெல்லாம் பொதுவான உணர்வு. ஆதலின் கிரேக்கத் தெய்வமாகிய ஹீராவின் சீற்றத்தையும் தமிழ் நூல்கள் கூறும் அழுக்காற்றையும் ஒன்றென எண்ணிவிடுதல் எளிது. எனினும் பொறாமையின் அடி யார்மேல் விழுகின்றது என்னும் வினாவை எழுப்பின், இரண்டும் வேறாதல் புலப்படும். அவ்வேறுபாட்டிற்கு அன்றாட மரபுத்தொடர்களும் சான்றாகின்றன. அவற்றை ஒருங்கே நோக்குதற்கு ஏற்ற களம் வட அந்தமானிலுள்ள திக்லிபூர். கிழக்கு வங்கத்து அகதிகள் 1950-களில் குடியேற்றப்பட்ட அப்பகுதியில் வங்காளியே பெருவழக்கு, இந்தி பொதுமொழி, தமிழரும் வாழ்கின்றனர்.

தொன்மத்தில் கண்ணும் தீயும்

ஜீயஸ் விரும்பிய இயோ பசுவாக மாற்றப்பட்டபோது, அவளைக் காவல் செய்யப் பல கண்களையுடைய ஆர்கஸை ஹீரா நிறுத்துகிறாள். செமிலியையோ, ஜீயஸின் உண்மை வடிவைக் காண வேண்டுமாறு சூழ்ச்சியால் தூண்டுகிறாள். செமிலி அத்தெய்வத் தீயில் எரிந்து மடிகிறாள். தவறிழைத்த கணவன் தண்டனைக்கு அப்பாற்பட்டவன்; துன்பம் மூன்றாமவளைச் சேர்கிறது. பொறாமையின் கண்ணும் தீயும் இங்குப் புறத்தே பாய்கின்றன.

திக்லிபூரின் மும்மொழி வழக்கு

வடமொழியில் கொலையையும் கொடுமையையும் குறிக்கும் ‘ஹிம்சா’ என்னும் சொல், வங்காளிப் பேச்சில் ‘ஹிங்ஷா’ என ஒலித்துப் பொறாமையைச் சுட்டுகிறது. அதே சொல் தமிழில் ‘இம்சை’ எனத் தொல்லைப் பொருளில் வழங்குகிறது. பொறாமை பிறர்க்குச் செய்யும் தீங்கே என்னும் கருத்து அவ்வங்கச் சொல்லில் உறைந்துள்ளது. ஆயின் அம்மொழியிலேயே பொறாமையுற்றவனுக்குக் ‘கண் வலிக்கிறது’ என்னும் பொருளுடைய தொடரும் உண்டு. எரிதலைக் குறிக்கும் ‘ஜல்னா’ இந்தியில் பொறாமைப்படுதலையும் குறிக்கும். தமிழிலும் இவ்விரு போக்குகளும் உள்ளன. ‘கண்ணேறு’ பிறரைத் தாக்குவது. ‘வயிற்றெரிச்சல்’ உடையவனையே சுடுவது.

குறளின் தெரிவு

இவ்விரண்டனுள் வள்ளுவர் இரண்டாவதையே தேர்கிறார். அழுக்காறாமை அதிகாரம், அழுக்காறுடையார்க்கு வேறு பகை வேண்டா, அதுவே போதும் என்கிறது. மேலும், அழுக்காறுடையானைத் திருமகள் பொறாது தன் தவ்வைக்குக் காட்டி நீங்குவாள் என்கிறது (குறள் 167). இங்கும் பெண் தெய்வம் ஒன்று பொறாது செயற்படுகிறது. ஆயின் அதன் சினம் பொறாமைக்கு இலக்கானவரைத் தீண்டவில்லை; பொறாமையுடையவனையே சேர்கிறது. ஹீராவின் செயலுக்கு இது நேர்மாறானது.

மேலைமரபில் இக்கருத்து அறவே இல்லை எனல் பொருந்தாது. உரோமக் கவிஞர் ஒவிட், தங்கையின் நல்வாழ்வைப் பொறாத அக்லாரஸ் கல்லாகியதைப் பாடுகிறார். எனினும் அப்பொறாமை ஒரு தெய்வத்தின் ஏவலால் அவள் நெஞ்சில் ஊட்டப்பட்ட நஞ்சு. குறளிலோ அதற்கு உடையவனே பொறுப்பு.

முடிவுரை

இவ்வேறுபாட்டை இனங்களின் இயல்பாகக் கொள்ளுதல் தவறு. கண்ணேற்றுக்கு அஞ்சும் வழக்கம் தமிழர்க்கும் உண்டு. கண்ணேறு என்னும் வழக்கு, வாழ்பவரை அஞ்சி ஒடுங்கச் செய்கிறது. குறள் அவ்வச்சத்தை விலக்கிப் பொறாமையுடையவனையே பொறுப்பேற்கச் செய்கிறது. அது மக்கள் வழக்கினின்றும் ஒரு நூல் தேர்ந்துகொண்ட அறமாகும். தொன்ம ஒப்பாய்வு, கதைகளின் ஒற்றுமையை எண்ணுவதோடு அமையாது, இத்தகைய தெரிவுகளையும் கணக்கிற்கொள்ளுதல் வேண்டும்.