பின்மண்டை

தக்கலையில் ஒரு நண்பர், பாங்க்கிலிருந்து ரிட்டையர் ஆனபின் படம் போட ஆரம்பித்தவர். மூன்று ஸ்கெட்ச் நோட்டுகளையும், களிமண்ணில் பிடித்த ஒரு தலையையும் என் முன்னால் வைத்து, 'உள்ளதச் சொல்லணும் சார்' என்றார். உள்ளதைச் சொன்னால் நட்பு போகும். பொய் சொன்னால் நாலாவது நோட்டு வரும்.

காந்தி, காமராஜர், எம்.ஜி.ஆர். எல்லாம் போட்டோவின் மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்தவை. சாயல் அச்சு அசல். ஆனால் ஒரு தலையும் கழுத்தின் மேல் உட்காரவில்லை. களிமண் தலை அவர் மனைவி. தவறிப்போய் இரண்டு வருஷமாகிறது. முன்பக்கம் பரவாயில்லை. திருப்பினால் பலகை மாதிரி தட்டை. போட்டோவுக்குத்தான் பின்மண்டை கிடையாதே!

அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், 'அரண்மனை வரை போய்ட்டு வருவோம்' என்று பத்மநாபபுரத்துக்குக் கிளப்பினேன். பக்கம்தான்.

பூமுகத்தில் அண்ணாந்து பார்த்தோம். மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்று போல் ஒன்றில்லை. ஆசாரிக்கு உளி போன ஆழம் தெரிந்திருக்கிறது. டிலனாய் மார்த்தாண்டவர்மாவிடம் சரணடையும் ஓவியமும் இங்கே உண்டு. குளச்சல் சண்டை 1741-ல், படம் பிற்காலத்தது. யாரும் எதிரே உட்கார்ந்து கொடுத்த முகமில்லை; கதைக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, வைத்துவிட்டார்கள். உப்பரிகை மாளிகையின் உச்சியிலிருக்கும் சுவரோவியங்களில் சாயல் என்ற கவலையே இல்லை. கேரள பாணியில் சாத்வீகத்துக்குப் பச்சை, ராஜசத்துக்குச் சிவப்பு. ஆனாலும் அந்தக் கண்கள் நம்மை விடுவதில்லை.

'நமக்குச் சொல்லித்தர ஆளில்ல சார், அதான்' என்றார் நண்பர்.

ரவிவர்மாவுக்கு மட்டும் யார் இருந்தார்கள்? தலைநகர் இங்கிருந்து 1795-ல் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அந்த அரண்மனைக்கு 1862-ல் கிளிமானூரிலிருந்து 14 வயசுப் பையனை மாமா ராஜராஜ வர்மா அழைத்துப் போனார். கோடு இழுக்கச் சொல்லித்தந்ததும் அவர்தான். எண்ணெய் வண்ணம்தான் பிரச்னை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு கற்றுத்தர மறுத்ததாகச் சொல்வார்கள். 1868-ல் வந்த தியோடர் ஜென்சனும் பாடம் எடுக்கவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தார். வீட்டுக்குப் போய்க் கெடுத்துக் கெடுத்துப் போட்டார். 1873-ல் வியன்னாவில் பரிசு. அவரைக் காலண்டர்காரர் என்று மட்டம் தட்டுவது ஒரு ஃபேஷன். எனக்கும் அவருடைய தேவிகள் கொஞ்சம் டிராமாதான். ஆனால் போர்ட்ரெய்ட்டுகளைப் பாருங்கள், நாற்காலியில் ஆள் உட்கார்ந்த கனம் தெரியும்.

திரும்பி வந்து மூன்றாவது நோட்டைக் கடைசிவரை புரட்டினேன். ஒரு பென்சில் படம். அடுக்களைப் படியில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். கோடுகள் கோணல். ஒரு கை நீளம். ஆனால் இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

'இது எந்த போட்டோ?'

'போட்டோ இல்ல சார். சும்மா நெனப்புல போட்டது. மொகமே வரல்ல, அதான் கடைசில போட்டேன்.'

'அவங்களுக்கு இடுப்பு வலி உண்டா?'

கொஞ்ச நேரம் பேசவில்லை. 'கொண்டை எப்பவும் எடது பக்கமா சரிஞ்சிருக்கும்' என்றார். களிமண் தலையைத் திருப்பி வைத்து, ஒரு கை தண்ணீர் தெளித்தார்.